மழை பக்கவாட்டில் அடிக்கும் ஊர்

சனிக்கிழமை மீன் வாங்குவதென்றால் எனக்கு இப்போதும் அஜின்கோர்ட் தமிழ்க் கடைதான். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக் குடிவந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இங்கேயும் மீன் இருக்கிறது. தோலை உரித்து, முள்ளை எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, இது மீன்தான் என்று யாராவது சாட்சி சொன்னால்தான் நம்பக்கூடிய மாதிரி வைத்திருப்பார்கள். என் நாக்குக்கு அது சரிவராது. ஆகவே காரை எடுத்துக்கொண்டு தெற்கே இறங்குவேன். போன சனிக்கிழமையும் அப்படித்தான் போய் நின்றேன். கடைக்காரத் தம்பி பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். அதன் மூலையால் ஐஸ் தண்ணீர் ஒழுகியது. பெட்டியின் மேலே நீல எழுத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று அச்சடித்திருந்தது.

"அக்கா, விளைமீனோ பாரையோ?"

நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"உது கொட் மீன் அக்கா. எங்கட ஆக்களுக்குப் பிடியாது. சப்பெண்டு இருக்கும்."

நான் விளைமீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நனைந்த அட்டையும் ஐஸும் உப்பும் கலந்த அந்த மணம் கார் முழுக்க என்னோடு வந்தது. அந்த மணத்தோடு அப்பாவும் வந்தார். அப்பா செத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் மனுஷன் இப்படி நினையாத இடத்தில் வந்து ஏறிக்கொள்வார்.

அப்பா கனடாவுக்கு வந்த கதை ஊரறிந்த கதை. ஒரு கப்பல் அவர்களைக் கொண்டுவந்து, கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு வெளியே, நடுக்கடலில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத மூடுபனி. அங்கே மீன் பிடிக்க வந்தவர்கள்தான் அவர்களைக் கண்டு ஏற்றிக் கரை சேர்த்தார்கள். இந்த ஊரில் எங்கள் சனம் என்று ஒன்று இருக்கிறதென்பதை அன்றைக்குத்தான் பல கனடாக்காரர் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் கண்டிருப்பார்கள். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தை. அம்மாவும் நானும் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு, நான் பள்ளிக்கூடம் போகிற வயதில்.

அந்தக் கடலைப் பற்றி அப்பா வாய் திறந்ததில்லை. யாராவது கலியாணவீட்டில் தோளில் தட்டி, "அண்ணை, நீங்களும் அந்தப் போட்டில வந்தனீங்களாமே?" என்று கேட்டால், "ஓமோம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிப் போய்விடுவார். எனக்கு அவராகச் சொன்னது ஒரேயொரு விஷயம். ஒரு நாள் தேத்தண்ணிக்குப் பேணியில் வரும் கெட்டியான ரின்பால் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது, "அவங்களும் எங்களைப் போலத்தான், ரின்பால் விட்டுத்தான் குடிக்கிறவங்கள்" என்றார். யார் என்று நான் கேட்டேன். "மீன்பிடிக்கிற ஆக்கள்" என்றார். அவ்வளவுதான் கதை. அம்மா பால் பெட்டியை மேசையில் வைத்தாலும் அப்பா அதைத் தள்ளிவிட்டு ரின்னைத்தான் தேடுவார்.

அந்த நாட்களில் நாங்கள் ஸ்காபரோவில், அதே அஜின்கோர்ட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு சின்ன ரவுண்ஹவுஸில் இருந்தோம். அப்பாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தோடு ஒட்டியிருந்த ஒரு சமையற்கூடத்தில் வேலை. சமைப்பதல்ல, சமைத்து அடுக்கிய சாப்பாட்டுத் தள்ளுவண்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் விமானங்களுக்குள் ஏற்றுவது. விடிய முன்னர் போய் மத்தியானம் வந்துவிடுவார். வரும்போது அவருடைய ஜக்கெற்றில் கோழிக் குழம்பும் விமான எண்ணெயும் சேர்ந்தடிக்கும். அந்த மணத்துக்காகவே நான் என் சிநேகிதிகளை மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை. பெரிய இளவரசி எண்ட நினைப்பு எனக்கு!

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பதின்மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் அதைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அரசாங்கம் அதை எடுத்தது. எடுத்தபோது பன்னிரண்டாம் வகுப்பும் பதின்மூன்றாம் வகுப்பும் ஒரே வருடத்தில் வெளியே வரவேண்டியதாயிற்று. இரண்டு வகுப்புப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்து வாசல் ஒன்று. இடம் கிடைக்குமோ கிடையாதோ என்று எல்லா வீட்டிலும் ஒரே பதகளிப்பு. ஆகவே மாகாணத்துக்கு வெளியேயும் விண்ணப்பியுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். உள்ளூருக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு விண்ணப்பம். வெளியே போவதென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், அதன் கடைசித் தேதிகளும் வேறு.

எனக்குப் புவியியல் பைத்தியம். நீரோட்டங்களை வரைபடத்தில் நீலமும் சிவப்புமாக வர்ணம் தீட்டி வைத்திருப்பேன். ஒருவரும் கேட்காவிட்டாலும் கூப்பிட்டுக் காட்டுவேன். எங்கள் புவியியல் ரீச்சர் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே சென் ஜோன்ஸ் என்ற நகரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படிக்கலாம், உனக்கு அது பொருந்தும் என்று அவர் என்னை வகுப்பு முடிந்து நிறுத்திச் சொன்னார். என் அப்பா எப்படி வந்தவர் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, ஓடிவந்தேன். வாழ்க்கையில் இது எனக்கு வேணும் என்று நான் முழுமனதாக ஆசைப்பட்ட முதல் விஷயம் அது. கடைசி விஷயமும் அதுதானோ என்று சில நாட்களில் எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் நேரே எதுவும் கேட்கிற வழக்கமில்லை. அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார். பள்ளிக்கூடச் சுற்றுலா, சிநேகிதியின் பிறந்தநாள், தலைமயிர் வெட்டுவது, எல்லாமே இந்த வழியாகத்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். விண்ணப்பிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே திரும்பினார்.

"எந்த இடம் எண்டனீ?"

சொன்னேன். அடுப்பில் தோசை கருகியது. அம்மா அதைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு காலை எங்கள் வீட்டில் உலக மாநாடு. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீட்டு நீட்டாக நம்பர் அடித்து, லண்டன் பெரியப்பாவை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு நடுமேசையில் வைப்பார்கள். என்னைக் கண்ணால் கண்டே பல வருடமான மனிதர் அவர். ஆனாலும் என் படிப்பில் அவருடைய சொல்லுக்குத்தான் விலை.

"ஏன், ரொறன்ரோவில யுனிவர்சிற்றி இல்லையோ? குமர்ப்பிள்ளையை ஆரும் கடலுக்கு நடுவில கொண்டுபோய் விடுவினமோ? அதுவும் அந்தக் கடலுக்கு!" என்று மேசையிலிருந்து பெரியப்பாவின் குரல் வெடித்தது.

அம்மா "அதுதானே" என்றார். அப்பா சோபாவின் ஓரத்தில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தோம். மாநாட்டின் தலைவர் அல்லவா?

"அங்க சரியான குளிர்" என்றார். பிறகு, "மழையும்" என்றார். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "கொப்பருக்கு விருப்பமில்லை. நான் முகத்தைப் பாத்தனான்" என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், கோடையில் பிளஃப்ஸ் பூங்காவுக்கு எல்லாரும் போவோம். ஒன்ராறியோ வாவியின் கரை. எங்கள் சனம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தபடி கதிரை போட்டு இருக்கும். அப்பா மாத்திரம் தண்ணீருக்கு முதுகு காட்டி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்து கோழி வாட்டுவார். ஒரு தடவைகூடத் திரும்பமாட்டார். பிள்ளைகள் நாங்கள் வாவிக்குள் நின்று "அப்பா!" என்று கூப்பிட்டால், கையை மாத்திரம் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார். பாவம், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதரை, பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்று அதே கடலுக்குக் கூப்பிடலாமா? என் ஆசைக்காக அப்பாவைக் கொல்வதா? பதினெட்டு வயதில் எனக்கு எல்லாமே கொலைதான்.

ஆனாலும் கடைசித் தேதிக்குக் கொஞ்ச நாள் இருந்தது. நான் மனதை விட்டுவிடவில்லை. அப்பாவாக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் பின்னாலேயே திரிந்தேன். குப்பை கொண்டுபோனால் நானும் போனேன். காரில் பனி சுரண்டினால் நானும் ஒரு சுரண்டியோடு போய் நின்றேன். அவர் காலநிலை கதைத்தார்.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் அப்பா வேலையால் வந்து ஒரு பெரிய பையை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் மழைக்கோட்டு. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். முழங்காலுக்குக் கீழே வரும். தடித்த ரப்பர், கழுத்திலும் கையிலும் இறுக்கிக் கட்ட நாடா. மீன்பிடிக்காரர் போடுகிற சாமான். ஸ்காபரோவில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷர் வெளிக்கிடுவாரா? எனக்கு அழுகை வந்தது. அம்மா வந்து தொட்டுப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கேக்க நனையாம இருக்க வாங்கினவர் போல. பாத்தியே, உள்ளூருக்கே போகச் சொல்லுறார்."

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான் சென் ஜோன்ஸுக்கு விண்ணப்பிக்கவில்லை. தேதி போய்விட்டது. ரீச்சர் கேட்டபோது, வீட்டில் கஷ்டம் என்று ஏதோ சொன்னேன். அவர் என்னை மேலும் கேட்டுத் துளைக்கவில்லை. கொஞ்சம் துளைத்திருக்கலாம்.

பிறகென்ன, உள்ளூரில் இடம் கிடைத்தது. எல்லாரும் படிக்கிற வணிகம் படித்தேன். பஸ், அதிலிருந்து ஆர்.ரி. என்று நாங்கள் சொல்கிற நீலச் சின்ன ரயில், அதிலிருந்து சப்வே. பனி கொஞ்சம் பலமாகக் கொட்டினால் அந்தச் சின்ன ரயில் நடு வழியில் முக்கிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி பரீட்சைக்குப் பாடமாக்குவோம். அந்த மஞ்சள் கோட்டை முதல் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் போட்டேன். ரயில் பெட்டியில் இருந்த பெடியன்கள், "மிஸ், மீன் என்ன விலை?" என்றார்கள். அதன் பிறகு அது அலுமாரிக்குள் போனது. வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்தோம். யாருக்கு என்று நினைவில்லை. படித்து முடித்து மிசிசாகாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான். என் மேசைக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து போகும். வெள்ளம் புகுந்த பேஸ்மென்ற்றுகளின் படங்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று எழுதுவேன். என் கடலியல் அந்த அளவில் முடிந்துவிட்டது.

அப்பா நோயில் விழுந்தது எதிர்பாராமல். கடைசிக் கிழமைகளில் அவரை ஸ்காபரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பின்னேரம் நான் வேலையால் நேரே போவேன். ஒருநாள் ஜன்னலில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பிள்ளை, அந்த மஞ்சள் கோட்டு இருக்கோ?"

"எந்தக் கோட்டு அப்பா?"

"நீ படிக்கப் போக எண்டு வாங்கித் தந்தது."

"அதை எப்பவோ குடுத்தாச்சு அப்பா."

"சரி, சரி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அங்கத்தை மழைக்குக் குடை நிக்காது. பக்கவாட்டில அடிக்கும். அதுதான் தேடித் திரிஞ்சு அப்பிடி ஒண்டு வாங்கினனான்."

"எங்கத்தை மழைக்கு?"

"நீ போகப்போறன் எண்ட ஊருக்கு."

நான் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டேன். "நீங்கள் வேண்டாம் எண்டதாயெல்லோ அம்மா சொன்னவ?"

"நான் எப்ப வேண்டாமெண்டனான்? குளிர், மழை எண்டனான். அதுக்குத்தானே கோட்டு. பிறகு பிள்ளைக்குப் போக மனமில்லையாம் எண்டு கொம்மா வந்து சொன்னவ. சரி, விருப்பமில்லாட்டி விடட்டும் எண்டு விட்டிட்டன்."

"நீங்கள் தண்ணிப் பக்கம் திரும்பிக்கூட இருக்கமாட்டீங்களே அப்பா. பயமெண்டுதானே நாங்கள் எல்லாரும்..."

"பயமோ?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெக்கம் பிள்ளை."

பிறகு சொன்னார், இத்தனை வருடமும் சொல்லாததை. படகிலிருந்து தூக்கி எடுத்தவர்களில் ஒரு இளம் மீன்பிடிக்காரன் தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்திவிட்டானாம். ரின்பால் விட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டானாம். அவர்கள் வந்தது ஜேர்மனியிலிருந்து. ஆனால் அதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இந்தியாவிலிருந்து என்று சொல்லுங்கள் என்று கப்பல்காரர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் படகில் கொஞ்சம் இங்கிலிஷ் கதைக்கக்கூடியவர் அப்பா.

"அவன்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே பொய் சொன்னனான். அவன் நம்பினவன். தலையில தடவிவிட்டவன். பிறகு பேப்பரில எல்லாம் வந்திட்டுது. அவனும் வாசிச்சிருப்பான்."

"அப்ப ஒருக்காப் போயிருக்கலாமே அப்பா."

"சும்மா போய் நிண்டு என்னெண்டு சொல்லுறது? எனக்கு ஒரு சாட்டு வேணுமெல்லோ. பிள்ளை இஞ்ச படிக்கிறாள், அவளைப் பாக்க வந்தனான், அப்பிடியே உன்னையும் பாக்க வந்தனான் எண்டு சொல்லலாம். அதுதான் நீ அங்க போனா நல்லது எண்டு நினைச்சனான்." கண்ணை மூடிக்கொண்டார். "ஒவ்வொரு நாளும் காலமை அங்க போற பிளேனுக்கு நான்தான் சாப்பாடு ஏத்தினனான். கதவுக்குள்ள நிண்டு பாப்பன். சனம் ஏற முதல் இறங்கிவிட வேணும்."

அதற்குப் பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. பேச நாட்களும் இருக்கவில்லை.

அம்மாவிடம் ஒரேயொரு தடவை கேட்டேன். "முகத்தைப் பாக்க அப்பிடித்தான் இருந்தது" என்றார். பிறகு, "அந்தக் கடலில ஒருக்காப் போய்த் திரும்பக் கிடைச்ச மனுஷனை வைச்சிருந்தனான். உன்னையும் அங்க விட எனக்கு ஏலுமே?" என்று அழுதார். அவரைக் கோபிக்க முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம். கோபிக்க ஒரு ஆள் இருந்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிந்து, அடுத்த ஜூன் மாதம் லீவு எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அந்தக் கரையில் போய் நின்று வயதான மீன்பிடிக்காரர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்ற நினைப்பு. காலை விமானம். ஜன்னல் ஓரம் இருந்தேன். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து சின்ன பிஸ்கட் பக்கற் ஒன்றைத் தந்தார். சாப்பாடு இல்லையா என்று கேட்டேன். இந்த வழியில் அதெல்லாம் நிறுத்தி எவ்வளவோ காலம், தான் வேலைக்குச் சேர முன்னரே, என்று சிரித்துக்கொண்டு சொன்னார். தேத்தண்ணி வாங்கினேன்; வெளிறின தண்ணீர்.

சென் ஜோன்ஸுக்கு மேலே போனபோது கீழே ஒன்றுமில்லை. வெள்ளை. மூடுபனி. விமானம் சுற்றியது, இன்னும் சுற்றியது. ஒரு இடத்தில் பனி கிழிந்து கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது, உடனே மூடிவிட்டது. இறங்க முடியாதென்று எங்களைக் கடலுக்கு இந்தப் பக்கம் ஹலிஃபக்ஸ் நகரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அடுத்த நாளும் பனி கலையவில்லை. அதற்கடுத்த நாள் லீவு முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டால் சொல்ல எனக்கும் ஒரு சாட்டு இல்லை.

இப்போது பதின்மூன்றாம் வகுப்பு இல்லை. நீலச் சின்ன ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். தூண்கள் மாத்திரம் நிற்கின்றன. தொலைபேசி அட்டை கேட்டால் கடைக்காரத் தம்பி சிரிப்பார். லண்டன் பெரியப்பாவும் போய்விட்டார். ரின்பால் வாங்க வீட்டில் ஆளில்லை. அப்பா ஏற்றிய லொறிகளும் அந்தச் சமையற்கூடமும் இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். வேலைக்குப் போகும்போது நான் அதைத் தாண்டித்தான் போவேன். எத்தனை வருடம், எத்தனை காலை, அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கென்று அவர் சூடாறாமல் சாப்பாடு ஏற்றினார். அதில் ஒரு தட்டைக்கூட நான் சாப்பிடவில்லை.